றஹ்மானுக்குச் சொல்லாத மௌத்து

நேரம் ஏழே முக்கால். மூதூர் தாண்டி வெருகல் பக்கம் போகிற றோட்டு. இரண்டு பக்கமும் அறுத்து முடிந்த வயல்... ஒரு லைட் இல்லை, ஒரு நாய் குரைக்கிற சத்தம்கூட இல்லை. அந்த றோட்டில் ஒரு பொடியன் தனியே மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருக்கிறான். ஒருவருக்கு மௌத்துச் செய்தி, சாவுச் செய்தி, சொல்லப் போகிறான்.

பதினொரு நாள் பிந்தி.

கிட்ட வாங்க எல்லாரும். மருதோன்றி காய இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிறது. அதுவரைக்கும் ஒருத்தருக்கும் போனைத் தொட ஏலாது. இப்படி ஒரு நேரம் இனிக் கிடைக்காது. ரிப்கா, அந்தக் கதவைச் சாத்து. முழங்கையால் சாத்தடி, கையால் இல்லை. கலியாண வீட்டில் மௌத்துக் கதையா என்று மாமி வந்தால் நான் சாரி கட்டுகிற கதை சொல்கிறேன் என்று சொல்லுங்கள். பஸ்னா, நீ கலியாணப் பொம்புளை. பயந்து கையை உதறினாயோ, நாளைக்கு மாப்பிள்ளைக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்.

இது நடந்தது என் சிநேகிதி ஹுஸ்னியாவின் சாச்சி மகனுக்கு. நஸ்ரி என்று பெயர். நான் அவனைக் கண்டிருக்கிறேன். மெலிந்த பொடியன், கண்ணாடி போட்டவன், பொய் சொன்னால் காது சிவக்கும். கெம்பஸில் கம்பியூட்டர் படிக்கிறான், கடைசி வருடம். திருகோணமலை டவுனில், துறைமுகத்துக்குப் போகிற றோட்டுக்குப் பின்னால் ஒரு அறை எடுத்து, இஹ்ஸான் என்கிற கூட்டாளியோடு இருந்தான்.

கடைசி வருடம் எல்லாரும் ஒரு ஆப் செய்து காட்ட வேண்டும். ஒருவன் சாப்பாட்டுக் கடைக்குச் செய்தான், ஒருவன் பஸ்ஸுக்குச் செய்தான். நஸ்ரி செய்தது ஜனாஸா அறிவித்தலுக்கு.

சிரிக்காதீங்க. நல்ல யோசனைதான் அது. யாரும் மௌத்தானால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்லுவார்கள். ஊரில் இருக்கிறவனுக்குக் கேட்கும். கட்டாரில் இருக்கிற மகனுக்கு? மூதூரில் இருக்கிற தம்பிக்கு? நாங்கள் ஒரு நாள்கூட வைத்திருக்க மாட்டோம். செய்தி மூன்று மணித்தியாலம் பிந்தினால் முகம் பார்க்கக் கிடைக்காது. அதனால் பள்ளியில் பெயரையும் அடக்குகிற நேரத்தையும் போட்டால், சொந்தக்காரர் எங்கே இருந்தாலும் அவர்களுடைய போனுக்குச் செய்தி போகும். யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று பச்சை அடையாளமும் விழும்.

ஒரு பள்ளிவாசலில் சம்மதம் வாங்கிப் பரீட்சித்துப் பார்த்தான். முதல் கிழமையே ஒரு பிழை. பெயர் மாறி, உயிரோடு இருக்கிற ஒரு சாச்சா கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே தன்னுடைய ஜனாஸா அறிவித்தலை வாசித்தார். அவர் பெண்சாதியின் ஆட்கள் பஸ் பிடித்து வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கெம்பஸில் படிப்பிக்கிற சேர் ஒரு கட்டளை போட்டார். பள்ளியில் இருந்து வருகிற ஒவ்வொரு அறிவித்தலையும் நஸ்ரி வாசித்து, சரி பார்த்து, தன் கையால் அனுப்ப வேண்டும். அவன் பட்டனைத் தட்டினால்தான் போகும்.

இதை மறந்துவிடாதீர்கள். அவன் தட்டினால்தான் போகும்.

அந்த நாட்களில்தான் ஒருவர் அவனைத் தேடி வந்தார். கலீலுர் றஹ்மான் என்று பெயர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மூதூருக்கும் அங்கால் வயல் செய்கிறவர். அவரோடு கூடப்பிறந்த ராத்தா உம்மு குல்சும் டவுனில்தான் இருந்தா. விதவை, பிள்ளை இல்லை, தனிய. ராத்தாவுக்கும் தம்பிக்கும் ஒன்பது வருடமாகக் கதை இல்லை. உம்மாவின் வீடு யாருக்கு என்று தொடங்கிய சண்டை. வீட்டை இரண்டு பேருமே எடுக்கவில்லை, சண்டையை மட்டும் இரண்டு பேரும் எடுத்துக்கொண்டார்கள். நம்ம குடும்பங்களில் நடக்காததா?

அவர் கதிரை நுனியில் உட்கார்ந்து தன் நம்பரைக் கொடுத்தாராம். எழுதினது சரியா என்று இரண்டு தரம் பார்த்தாராம்.

"ராத்தாக்கு ஒண்டெண்டா எனக்கு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க மகன். உங்கட ஆப்தான் சொல்லணும்."

நஸ்ரி ஓம் என்றான்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். அவன் மூன்று இரவு சரியாக நித்திரை கொள்ளவில்லை. கண் இரண்டும் உப்புப் போட்ட மாதிரி. இரண்டு மணித்தியாலம் வேலை செய்தால் இருபது நிமிசம் ஓய்வு என்று ஒரு கணக்கு வைத்திருந்தான், பெரும்பாலும் அதைக் காப்பாற்றியும் இருந்தான். அன்றைக்கு இஹ்ஸான்தான் சொன்னானாம், மூஞ்சியைப் பார்த்தால் உன்னுடைய ஆப்பில் உன்னையே போட வேண்டி வரும், வந்து ஒரு கேம் அடி என்று. சரி, ஒன்று. போனைச் சைலண்டில் போட்டுக் குப்புற வைத்தான். லெப்டொப்பில் இருவரும் விளையாடத் தொடங்கினார்கள். ஒன்று இரண்டாகி, இரண்டு ஐந்தாகி... இடையில் கொத்து ரொட்டி வாங்கிச் சாப்பிட்டு, சிரித்து, அப்படியே தலையணையில் சரிந்துவிட்டான். மாதக்கணக்கில் அவன் அப்படிச் சிரித்ததில்லை என்று இஹ்ஸான் பிறகு சொன்னான்.

கண் விழித்துப் போனைத் திருப்பினபோது பதினொன்றரை.

உம்மு குல்சும். வயது அறுபத்தொன்று. அடக்கம் இன்றிரவு பத்து மணிக்கு. பள்ளியில் இருந்து வந்த நேரம் ஏழு பத்து.

டவுனில் இருந்தவர்களுக்கெல்லாம் ஒலிபெருக்கியில் கேட்டிருக்கும். வெளியூரில் இருந்தது ஒரே ஒரு நம்பர். அந்த ஒரு நம்பருக்காகத்தான் அந்த ஆப்பே இருந்த மாதிரி.

அப்போதாவது அனுப்பியிருக்கலாம். அவன் அனுப்பவில்லை. அனுப்பினால் நாலு மணித்தியாலம் பிந்தினது பதிவாகும், சேருக்கு முன்னால் அது சிவப்பில் நிற்கும், மூன்று மாத உழைப்பு நாசமாகும். ஆகவே உள்ளே போய், தன் கையால், ஏழு பன்னிரண்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்று மாற்றினான். பச்சை விழுந்தது. காலையில் யாராவது சொல்லிவிடுவார்கள் என்று நினைத்துப் படுத்தான்.

ஒருவரும் சொல்லவில்லை. ஏன் தெரியுமா? பள்ளியில் எல்லாரும் அந்தப் பச்சையைப் பார்த்தார்கள். தம்பிக்காரனுக்கு அறிவித்தல் போய்விட்டது, அவன் வேணுமென்றே வரவில்லை, கல் நெஞ்சுக்காரன் என்று கதைத்தார்கள். அப்படிப்பட்டவனுக்குப் பிறகு யார் போனில் கோல் எடுத்துச் சொல்லுவார்கள்?

அடுத்த நாள் பின்னேரம் ஏழு பத்துக்கு நஸ்ரியின் போன் அதிர்ந்தது.

உம்மு குல்சும். அனுப்பப்படவில்லை: ஒன்று.

உள்ளே போய்ப் பார்த்தான். பச்சையாக மாற்றினது திரும்பச் சிவப்பாகி இருந்தது. மறுபடி மாற்றினான். அதற்கடுத்த நாளும் ஏழு பத்து. அதற்கடுத்த நாளும். இஹ்ஸான் இரண்டு மணித்தியாலம் இருந்து வரி வரியாகப் பார்த்தான், ஒரு பிழையும் அகப்படவில்லை. உன்னுடைய ஆப் உன்னைவிட நேர்மையாக இருக்கிறது என்று பகிடி விட்டான். நஸ்ரி சிரிக்கவில்லை.

நாலாம் நாள் போனை நிற்பாட்டி, அலுமாரிக்குள் மடித்து வைத்த சாரங்களுக்கு அடியில் வைத்துப் பூட்டினான். ஏழு பத்து. அலுமாரிக்குள் இருந்து... ர்ர்ர்... ர்ர்ர்... பலகை அதிருகிற சத்தம். கதவைத் திறந்தபோது முகத்தில் அடித்தது வாசம். கர்ப்பூரம். கடையில் வாங்குகிற வாசம் இல்லை. மௌத்தானவரின் மையத்தைக் குளிப்பாட்டின தண்ணீரில் வரும் பாருங்கள், ஈரமாக, குளிராக... அந்த வாசம். சாரங்கள் எல்லாம் காய்ந்துதான் கிடந்தன.

ஐந்தாம் நாள் அவனுக்குப் போதும் என்று ஆகிவிட்டது. சேர் என்ன சொன்னாலும் பரவாயில்லை என்று பட்டனைத் தட்டினான். போகவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தது. திரும்பத் தட்டினான்... திரும்ப... போகவே இல்லை. சரி, நேரே கோல் எடுப்போம் என்று அந்த நம்பருக்கு எடுத்தான். அந்த இலக்கம் வேறொரு அழைப்பில் இருக்கிறது என்று ஒரு பெண் குரல் சொன்னது. அரை மணித்தியாலம் கழித்தும் அதேதான். அடுத்தடுத்த நாளும் ஏழு பத்துக்குப் பிறகு எப்போது எடுத்தாலும் அதேதான். பகலில் எடுத்தால் மணி அடிக்கும், ஆள் வயலில், ஒருவரும் தூக்க மாட்டார்கள்.

அப்படித்தான் பதினோராம் நாள் இஹ்ஸானின் மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு புறப்பட்டான். திங்கட்கிழமை சேருக்கு ஆப்பைக் காட்ட வேண்டும். அதற்கு முதல் இதைச் சொல்லிவிட வேண்டும். அந்த மனிசன் அடித்தாலும் வாங்கிக்கொள்வது, சேரிடமும் உண்மையைச் சொல்வது, பட்டம் போனால் போகட்டும். கிண்ணியாப் பாலம் தாண்டும்போதே நன்றாக இருட்டிவிட்டது. மூதூரில் நிறுத்தி வழி கேட்டபோது நேரம் பார்த்தான். ஏழு பதினைந்து. போன் அதிரவில்லை.

பதினொரு நாளில் முதல் தரம் அது சும்மா இருந்தது. உண்மையைச் சொல்லப் புறப்பட்டதால்தான் உம்மு குல்சும் தன்னை விட்டுவிட்டா என்று நினைத்து, அவனுக்கு நெஞ்சு லேசாகிப் போனதாம். அந்த இருட்டு றோட்டில் அவன் பயப்படாமல் போனதற்குக் காரணம் அதுதான்.

வீடு வயலோரம். சின்ன வீடு, முன்னால் ஒரு மாமரம். றஹ்மானின் பெண்சாதி சுல்பிகா லைட்டைப் போட்டு, தம்பி எங்கே இருந்து வாறீங்க என்று கேட்டு, கதிரை போட்டா. அவர் இல்லையாம், இப்போது வந்துவிடுவாராம். தேத்தண்ணி ஊற்றினா. நல்ல மனிசி. கதைக்க ஆள் கிடைத்த சந்தோசம் வேறு.

எங்கே போயிருக்கிறார் என்று நஸ்ரி கேட்டான்.

"டவுனுக்கு. ராத்தாட வீட்டுக்குத்தான்."

நஸ்ரியின் கையில் தேத்தண்ணி அப்படியே நின்றது. பிறகு அவனுக்கு உள்ளுக்குள் ஒரு ஆறுதல் வந்ததாம். கேவலமான ஆறுதல் என்று அவனே சொன்னான். போய்ப் பூட்டிய வீட்டைப் பார்ப்பார். பக்கத்து வீட்டில் கேட்பார். யாரோ சொல்லிவிடுவார்கள். தான் சொல்லத் தேவையில்லை.

சுல்பிகா நிற்பாட்டாமல் கதைத்தா. ஒன்பது வருடத்துக்குப் பிறகு அல்லாஹ் இரண்டு பேருடைய மனதையும் இளக்கிவிட்டானாம். பத்துப் பன்னிரண்டு நாளாக ராத்தா ஒவ்வொரு பின்னேரமும் கோல் எடுக்கிறாவாம். மஃரிப் தொழுதுவிட்டு மனிசன் போனைத் தூக்கிக்கொண்டு மாமரத்தடிக்கு ஓடினால் ஒரு மணித்தியாலத்துக்கு வரமாட்டாராம். சின்னப் பிள்ளை மாதிரிச் சிரிக்கிற சத்தம் குசினியில் சமைக்கிற தனக்குக் கேட்குமாம். அறுவடை முடியட்டும் என்று இருந்தவர் இன்றைக்குத்தான் முதல் முதல் நேரில் பார்க்கப் போனாராம்.

நஸ்ரி தேத்தண்ணியைக் கீழே வைத்தான். எத்தனை மணிக்குக் கோல் வரும் என்று கேட்டான்.

ஏழு பத்துக்கு என்றா.

அப்போது மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. றஹ்மான் வந்து இறங்கினார். நஸ்ரி அவருடைய முகத்தைப் பார்த்தான். அழுத முகம் இல்லை. பெருநாள் கழித்து வருகிற முகம். கையில் ஒரு சோத்துப் பார்சல்.

அவனைக் கண்டதும் அடையாளம் பிடித்து, தோளில் தட்டினார்.

"ஆ, ஆப் மகன். உங்கட ஆப் இனி எனக்குத் தேவையில்ல. அந்த நம்பர அழிச்சிடுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பார்சலை மேசையில் வைத்தார். நஸ்ரிக்குப் பக்கத்தில்தான் வைத்தார். வாழையிலை வாசமும் நெய்ச்சோற்று வாசமும் வந்தன. கை தற்செயலாகப் பட்டது... சூடு. டவுனில் இருந்து ஒரு மணித்தியால ஓட்டம். இப்போதுதான் அடுப்பில் இருந்து இறக்கின சூடு.

ராத்தா முதல் முதல் கோல் எடுத்த கதையை அவராகவே சொன்னார். இரவு பத்தரை மணியாம். நம்பரைப் பார்த்ததும் எழும்பி வெளியே ஓடினாராம். ராத்தா சண்டை பிடிக்கவில்லையாம், வீட்டுக் கதை ஒன்றும் எடுக்கவில்லையாம்.

"நான் மௌத்தானா நீ வருவாய் எண்டு பாத்துக்கொண்டு இருந்தன், நீ வரல்ல. அதான் நானே எடுத்தன் எண்டா. அவட பகிடி அப்பிடித்தான் மகன், சின்ன வயசில இருந்தே."

சுல்பிகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. இன்றைக்குப் போனபோது ராத்தா வீட்டில் கரண்ட் இல்லையாம். விளக்கு வெளிச்சத்தில்தான் இருந்தார்களாம். கொஞ்சம் மெலிந்துவிட்டாவாம். கை பிடித்தால் குளிராக இருக்கிறதாம், பிரஷர் போல, டொக்டரிடம் காட்ட வேண்டும் என்றார். பிறகு பெண்சாதியைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கிச் சொன்னார்.

"நாளைக்கு வந்து தங்கச் சொல்லிட்டா. வயல் வேலையும் முடிஞ்சதுதானே எண்டு. இவவையும் கூட்டிட்டு வரவா எண்டு கேட்டன். வேணாம், நீ மட்டும் வா எண்டா."

எத்தனை நாளைக்கு என்று சுல்பிகா கேட்டா.

"அதச் சொல்லல்ல. உடுப்பு ஒண்டும் கொண்டு வராத எண்டா."

அந்த இடத்தில்தான் நஸ்ரிக்கு விளங்கியது. அந்தப் பட்டன் ஏன் வேலை செய்யவில்லை என்று. செய்தி போய்ச் சேராத ஒரு ஆள் இருக்கும் வரைக்கும், அந்த ஒரு ஆளுக்கு அவ உயிரோடு இருக்கலாம். தினமும் ஏழு பத்துக்கு வந்தது, அனுப்பு என்று கேட்டதா, இன்னும் அனுப்பவில்லைதானே என்று பார்த்துக்கொண்டதா? அவனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஒன்று மட்டும் தெரிந்தது. இப்போது சொல்லாமல் போனால் இந்த மனிசன் நாளைக்குப் போவார். சொன்னால்... ஒன்பது வருடம் காத்திருந்து கிடைத்த ராத்தாவை, இந்தச் சிரிப்பை, அவன் தன் வாயால் எடுக்க வேண்டும். இரண்டாவது தரம்.

அவன் எழும்பி நின்றான். இருந்துகொண்டு சொல்ல முடியவில்லையாம்.

"மாமா, ராத்தா மௌத்தாகி இண்டைக்குப் பதினொரு நாள். செய்தி என்ட கையில வந்தது. நான் விளையாடிக்கொண்டு இருந்தன். அனுப்பல்ல. பிறகு அனுப்பினதா மாத்தி வெச்சன்."

சுல்பிகா அல்லாஹ் என்று மெதுவாகச் சொல்லிச் சுவரோடு சாய்ந்தா. றஹ்மான் ஆத்திரப்படவில்லை. அடிக்கவில்லை. நம்பவில்லை என்றும் சொல்லவில்லை. மேசையில் இருந்த பார்சலையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் கேட்டது ஒன்றுதான்.

"அடக்கினது எத்தின மணிக்கு?"

"பத்து மணிக்கு மாமா."

"எனக்குக் கோல் வந்தது பத்தரைக்கு."

வயல் பக்கம் தவளைச் சத்தம் கேட்டுக்கொண்டு இருந்தது... அது நின்றது.

மேசையில் இருந்த அவருடைய போன் அடித்தது. ராத்தா என்று எழுத்து விழுந்தது. அவர் எடுக்கவில்லை. நஸ்ரியைப் பார்த்தார், எடுக்கட்டுமா என்று ஒரு பிள்ளை பெரியவரைக் கேட்கிற மாதிரி. நஸ்ரி தலையை ஆட்டினான். வேண்டாம். அடித்து, அடித்து, நின்றது. றஹ்மானின் கண்ணில் இருந்து அப்போதுதான் தண்ணீர் இறங்கியது.

உள்ளே குசினியில் சுல்பிகாவின் போன் அடித்தது. அந்த நம்பர் ராத்தாவுக்குத் தெரியாது என்று சுல்பிகா சொன்னா. அவ அசையவில்லை. அதுவும் அடித்து ஓய்ந்தது.

மூன்றாவதாக நஸ்ரியின் சட்டைப் பையில் அடித்தது.

அவன் ஏன் எடுத்தான் என்று ஹுஸ்னியாவும் கேட்டாள். சைலண்டில் போட்டுக் குப்புற வைத்த பாவம் தன்னுடையது, இதையும் எடுக்காமல் விட ஏலாமல் இருந்தது என்றானாம். காதில் வைத்தான். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு வயதான பெண் குரல். கோபமே இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் விசாரிக்கிற மாதிரி.

"எங்கட றஹ்மான் சாப்பிட்டானா, மகன்? நீங்க?"

அந்தக் குரலுக்குப் பின்னால், மேசையில் ஒரு சாப்பாட்டுப் பீங்கான் வைக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.